வேலிக்காட்டோரத்து வீடுகள்

விருதுநகர் மாவட்டத்தில் காட்டுத்தீ என்று செய்தி வந்தால் அது மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில்தான் எரியும். 2021-இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த அந்த மலைக்கு வனத்துறை உண்டு. கோடைக்கு முன்பே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட ஆட்களும் உண்டு. கிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் பக்கம் மலையும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான வனமும் இல்லை. ஆனால் தை அறுவடை முடிந்து மாசி வெயில் ஏறியதும் இங்கேயும் எரியத் தொடங்கிவிடும். கண்மாய்க்குள் காய்ந்த கோரை, சாலையோரப் புல், தரிசில் முட்டாக நிற்கும் ஊசிப்புல், பனையில் தொங்கும் காவோலை, களத்துப் படப்பு என்று ஒவ்வொன்றாகப் பற்றும். பெரும்பாலும் எரிந்து தானாக அடங்கிவிடும். காற்று ஊர்ப்பக்கம் திரும்பினால்தான் அதைத் தீ என்றே சொல்கிறோம்.

இந்தச் சீமையின் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ஈரத்தில் புல் இடுப்பளவு எழும்பி, தையில் கதிர்விட்டு, மாசியில் வைக்கோலாகும். அடுத்த பெருமழை வர எட்டு மாதமாகும். மழை பொய்த்த ஆண்டைவிட நன்றாகப் பெய்த ஆண்டுக்கு அடுத்து வரும் கோடையில்தான் தீக்கு இரை அதிகம். வறட்சியைப் பற்றி மட்டுமே யோசித்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை.

வெளியே எரியும் தீ ஒரு வீட்டை எப்படிப் பிடிக்கிறது என்பதை அதிகம் ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்க வனத்துறையின் ஜாக் கோகன். 1990களின் இறுதியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில் ஒரு சோதனை நடந்தது. ஊசியிலைக் காட்டின் ஓரத்தில் 10, 20, 30 மீட்டர் தள்ளி மரச்சுவர்களை நிறுத்திவிட்டுக் காட்டைக் கொளுத்தினார்கள். மரத்தின் உச்சிவரை தீ ஏறியும், 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சிலதான் பற்றின. 20 மீட்டருக்கு அப்பால் நின்றவை நின்று எரியவில்லை. தீயின் அனல் அவ்வளவு வேகமாக வலுவிழக்கிறது. அப்படியானால் காட்டிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த வீடுகளும் எரிந்து போனது எப்படி? பறந்து வந்த கங்குகள்தான் காரணம். கூரையிடுக்கில், வாசல் மிதியடியில், சுவரோரச் சருகில் விழுந்து, அங்கே ஒரு சிறு தீயாகி, பிறகு வீட்டைத் தின்றிருக்கின்றன. வீடு பிழைப்பதும் எரிவதும் காட்டைவிட அதன் முதல் நூறு அடியைப் பொறுத்தது, அதிலும் சுவரை ஒட்டிய ஐந்தடியைப் பொறுத்தது என்பது கோகனும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்ட முடிவு. கலிபோர்னியா மாநிலம் தீ அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி நூறு அடிக்கு எரிபொருளைக் குறைக்கச் சட்டம் வைத்திருக்கிறது. 2020-இல் முதல் ஐந்தடியில் எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது என்று அதற்கு இன்னொரு வளையமும் சேர்த்தது.

அங்கே வீடே மரத்தால் ஆனது. இங்கே மண், செங்கல், சிமெண்ட். சுவர் பற்றாது. அதனால் இந்தக் கணக்கு நமக்கெதற்கு என்று தோன்றலாம். இங்கே பற்றியது எப்போதும் மேலேதான்: பனையோலை, தென்னங்கிடுகு, கம்பந்தட்டை. ஒரு கூரை பிடித்தால் காற்று போகும் திசையில் ஒரு தெருவே போகும் என்பதை இந்த ஊர்களின் மூத்த தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. எல்லாம் விபத்தும் இல்லை. 1957-இன் முதுகுளத்தூர்க் கலவரம் உட்பட, இந்தச் சீமையின் சாதிச் சண்டைகளில் கூரைக்கு வைத்த தீ ஓர் ஆயுதமாகவே இருந்தது. ஓலையின் ஆபத்தைத் தமிழ்நாடு முழுவதற்கும் உறைக்க வைத்தது 2004 ஜூலை 16. கும்பகோணத்துப் பள்ளியில் சமையலறைத் தீ கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் பள்ளிகளில் ஓலைக்கூரைக்கு இடமில்லாமல் போனது. குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்க 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்ற இலக்கோடு கலைஞரின் கனவு இல்லம் 2024-இல் அறிவிக்கப்பட்டது.

தீயைத் தடுக்க இந்த நாட்டில் நடந்தவற்றுள் மிகப் பெரிய வேலை இதுதான் என்பேன். ஆனால் கூரை போனதோடு பயமும் சேர்ந்து போய்விட்டது. வீடு காங்கிரீட் என்றாலும் வாசலில் கிடுகுப் பந்தல் நிற்கிறது. மொட்டை மாடியில் பச்சை நிற நிழல்வலை கட்டியிருக்கிறது, அது பிளாஸ்டிக். மேற்குச் சுவரில் பருத்திமார் சாய்த்திருக்கிறது. தொழுவத்துக்கு இன்னும் ஓலைதான். ஜன்னலுக்கு வெளியே எரிவாயு சிலிண்டர், அதையடுத்து இரண்டு சக்கர வண்டி. வீடு எரியாது என்ற தைரியத்தில், எரியக்கூடிய எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்கிவிட்டோம்.

முன்பு இவ்வளவு இரை சேர்ந்ததில்லை, ஏனென்றால் அதைத் தின்ன ஆள் இருந்தது. காய்ந்த முள்ளும் சுள்ளியும் தலைச்சுமையாக அடுப்புக்குப் போனது. தரிசுப் புல்லை வெள்ளாடும் செம்மறியும் ஒட்ட மேய்ந்தன. சோளத்தட்டையும் கம்பந்தட்டையும் உழவுமாட்டுக்குப் போயின. பனையேறி ஆண்டுதோறும் மரத்தைச் சீவி, காவோலையை இறக்கி, கூரைக்கோ வேலிக்கோ கொடுத்துவிடுவார். சருகு குப்பைக்கிடங்குக்குப் போய் உரமானது. யாரும் தீத்தடுப்பு என்று நினைத்து இதைச் செய்யவில்லை, பிழைப்புக்காகச் செய்தார்கள். 2007-இல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பு வந்தது, 2016-இல் உஜ்வலா வந்தது, பெண்களின் கண்ணும் நெஞ்சும் புகையிலிருந்து தப்பின. அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை. உழவுமாடு இருந்த இடத்தில் டிராக்டர் நிற்கிறது, பனையேறியின் மகன் திருப்பூரில் இருக்கிறார், பங்காளிகள் பிரித்துக்கொண்ட புஞ்சை தரிசாகக் கிடக்கிறது. பழைய பிழைப்பு திரும்பி வரப் போவதில்லை. அது கூலியில்லாமல் செய்துவந்த ஒரு வேலை மட்டும் செய்யப்படாமல் நிற்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாய்த் தீவுகளில் லஹைனா என்ற பழைய துறைமுக ஊர் எரிந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஊருக்கு மேலே ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம், பாசனம் பெற்று ஆண்டு முழுதும் பச்சையாக இருந்த நிலம். ஆலை 1999-இல் மூடியது. கரும்பு போன இடத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தீவனப்புற்கள் ஆளுயரம் வளர்ந்து காய்ந்தன. மலையிலிருந்து இறங்கிய வறண்ட காற்று அந்தத் தீயை வீடுகளுக்குள் தள்ளியது. வெப்பமண்டலக் கடலோரம், தரிசான வயல், வெளிநாட்டுப் புல், பலத்த காற்று. திருச்சுழியில் இருந்து பார்த்தால் கலிபோர்னியாவைவிட லஹைனா நமக்குப் பக்கம்.

வெளிநாட்டுச் செடி என்றதும் இங்கே எல்லோரும் சீமைக்கருவேலத்தைத்தான் கைகாட்டுவார்கள். காமராசர் காலத்தில் விதை தூவியது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் 1870களிலேயே சென்னை மாகாண வனத்துறை வழியாக அது கடப்பைப் பக்கம் வந்துவிட்டது. அதன்மேல் சொல்லப்படும் குற்றங்கள் பல, அவற்றில் பாதிக்கு மேல் நியாயமானவை. தீ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பச்சையாக நிற்கும் கருவைக்காடு சுலபத்தில் பற்றாது. கோடையிலும் அதன் இலை பசுமை மாறாது, அடர்ந்த நிழலில் கீழே புல்லும் அதிகம் முளைக்காது. ஆபத்து அதன் ஓரத்தில், வெயில் விழுந்து புல் மண்டிய இடத்தில் இருக்கிறது. அதைவிட ஆபத்து, வெட்டிப் போட்ட முள். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இதை அகற்ற உத்தரவிட்டபோது ஊருக்கு ஊர் இயந்திரங்கள் இறங்கின. சில மாதங்களில் சென்னையில் இடைக்காலத் தடை வந்து வேலை நின்றது. தூரோடு எடுக்காத மரம் மறு மழைக்கே துளிர்த்துவிடும். தடித்த கட்டை கரிக்கு விலைபோகும், கொப்பும் முள்ளும் விலைபோகாமல் வரப்பில் குவியலாகக் கிடந்து காயும். காற்றோட்டமான முள் குவியல் ஓலையைப் போலவே வேகமாக எரியும். கருவை உள்ளிட்ட அந்நியச் செடிகளை அகற்ற 2022-இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அகற்றுபவர்கள் கேட்க வேண்டியது ஒன்று: வெட்டிய முள் எந்த மாதத்தில், எங்கே போகிறது?

கரிமூட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நரிக்குடி, கமுதி, முதுகுளத்தூர் வரை பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் அது. கட்டையை அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு, மண்ணால் மூடி, உள்ளே நாட்கணக்கில் புகைய விடுவார்கள். மண்பூச்சு வெடித்துக் காற்று புகுந்தால் உள்ளே கிடப்பது கரியல்ல, நெருப்பு. மூட்டம் போடுகிறவர்களுக்கு இது தெரியும், இரவெல்லாம் காவல் கிடப்பார்கள். மூட்டத்தைச் சுற்றிப் புல்லைச் செதுக்காமல் விட்ட இடத்தில்தான் வம்பு.

பனை வேறு மாதிரி. மரம் லேசில் சாகாது, ஆனால் சீவாத பனையில் காவோலை அடுக்கடுக்காகத் தொங்கி, தரையில் ஓடும் புல்தீயை உச்சிக்கு ஏற்றிவிடும். உச்சியில் எரியும் ஓலை காற்றில் கழன்று பறந்து வெகுதூரம் போய் விழும். கண்மாய்க்கரைப் பனைவரிசைக்குக் கீழே ஊர் இருந்தால், அந்தக் கங்கு நேரே தொழுவத்துக் கூரைக்கு. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது, நல்ல அறிவிப்பு. வெட்டாமல் காப்பது போலவே ஆண்டுக்கு ஒருமுறை சீவிவிடுவதும் காப்பதில் சேரும். ஊரோரப் பனைகளுக்காவது ஏறும் கூலியை ஊராட்சி கொடுக்கலாம்.

பிறகு காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குமலையில் மழையை இறக்கிவிட்டு, கணவாய்கள் வழியாக வறண்ட காற்றாக இந்தச் சமவெளிக்குள் நுழைகிறது. வைகாசியில் தொடங்கி ஆடியில் உச்சம். அந்த மாதங்களில் வீட்டுக்கு மேற்கே எது எரிந்தாலும் கங்கு வீட்டின்மேல் விழும், கிழக்கே எரிந்தால் விலகிப் போகும். படப்பு, விறகு, பருத்திமார் எல்லாம் வீட்டுக்குக் கிழக்கே இருக்க வேண்டும். மேற்கே வைக்க வேண்டியது தண்ணீர்த் தொட்டி, கீரைப்பாத்தி, வெறும் தரை. பழைய ஊர்களில் படப்பு வீட்டோரம் நிற்காது, களத்தில் நிற்கும். ஊருக்கும் புஞ்சைக்கும் நடுவே களமும் மந்தையும் திறந்து கிடந்தது வேறு காரணங்களுக்காக என்றாலும், ஊரைச் சுற்றிய தீத்தடுப்பு வளையம் அதுதான். இன்று களத்தில் சமுதாயக்கூடம் கட்டியாயிற்று, படப்பு வீட்டுப் புறவாசலுக்கு வந்துவிட்டது. சிலர் அதை மின்கம்பிக்குக் கீழேயே போடுகிறார்கள். தாழ்ந்த கம்பி உரசி வைக்கோல் லாரி எரிந்த செய்தியைப் படித்தவர்களும் போடுகிறார்கள்.

படப்புக்குத் தீ வைப்பது நெடுநாள் பகையின் ஒரு வழி என்பதையும் மறைக்க வேண்டாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 435ஆம் பிரிவு, தீ வைத்து நாசம் செய்யும் குற்றத்துக்கு மற்றப் பொருள் என்றால் நூறு ரூபாய்ச் சேதம் என்றும், வேளாண் விளைபொருள் என்றால் பத்து ரூபாய்ச் சேதமே போதும் என்றும் வைத்திருந்தது. உழவனின் படப்பு எவ்வளவு எளிதாக எரிக்கப்பட்டது என்பதற்கு அந்தப் பத்து ரூபாயே சாட்சி.

இனி வீட்டைச் சுற்றி என்ன செய்வது? ஐந்து சென்டில் வீடு கட்டியவரிடம் நூறு அடி என்று சொல்வது கேலி. ஆனால் ஐந்தடி எல்லோருக்கும் உண்டு. சுவரை ஒட்டிய ஐந்தடியில் வெறும் தரையோ சிமெண்டோ கருங்கல் பாவியதோ இருக்கட்டும், தினமும் கூட்டப்படட்டும். சாணி தெளித்துப் பெருக்கிய வாசல் என்பது அழகுக்கு மட்டும் உரியதல்ல, கங்கு விழுந்தாலும் பற்ற ஒன்றுமில்லாத இடம் அது. கிடுகுப் பந்தல் வேண்டுமென்றால் மாசி முதல் ஆடி வரை கூரையைத் தொடாமல் தள்ளி நிற்கட்டும். சுவரில் ஏறி ஜன்னலை மூடும் காகிதப்பூக் கொடியை நான் எந்த வீட்டுக்கும் சொல்லமாட்டேன், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும். அதன் காய்ந்த பூ உண்மையிலேயே காகிதம்தான்.

இங்கே இயற்கை வேளாண்மை நண்பர்களோடு ஒரு சிறு வழக்கு இருக்கிறது. மண்ணை வெறுமையாக விடாதே, சருகால் மூடாக்குப் போடு என்று இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்னார். வயலுக்கும் மரத்தூருக்கும் அது பொன்னான யோசனை. கரிசல் வெடிக்காமல் ஈரம் காக்க அதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. ஆனால் வீட்டுச் சுவரோரத் தொட்டிகளிலும் பாத்திகளிலும் கோடையில் போட்ட காய்ந்த மூடாக்கு, கங்குக்கு விரித்த பாய். தேங்காய் நார்க்கழிவு சுடரில்லாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். வீட்டிலிருந்து தள்ளி எவ்வளவு வேண்டுமானாலும் மூடாக்குப் போடுங்கள், சுவரோரம் வேண்டாம்.

ஐந்தடிக்கு வெளியே முப்பதடி வரை பச்சை இருக்கலாம், இருக்கவும் வேண்டும். புழக்கடைத் தண்ணீரில் வளரும் வாழை, கறிவேப்பிலை, செம்பருத்தி, எலுமிச்சை, மாதுளை எல்லாம் நனைந்த செடிகள், தீயை மட்டுப்படுத்துபவை. நிழலுக்குப் புங்கை, வேம்பு, பூவரசு. வேம்பும் புங்கையும் மாசி பங்குனியில் சருகை உதிர்த்துவிட்டு உடனே தளிர்க்கும். அந்தச் சருகை மட்டும் அப்போதைக்கப்போது அள்ளினால், கோடை முழுதும் தலைக்கு மேல் பசும் இலை. தாழ்ந்த கொப்புகளை ஆள் உயரத்துக்குக் கழித்துவிட்டால் தரைத்தீ மரத்தில் ஏறாது. தைலமரம், சவுக்கு, வாசலில் கூம்பாக வெட்டி வளர்க்கும் தூஜா ஆகியவை எண்ணெய்ப்பசையாலோ உதிர்க்கும் சருகாலோ தீக்குத் தோழர்கள், வீட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும். தோட்டத்து வீட்டுக்கு மேற்கே மல்லிகை போட்டவர்கள் அறியாமலே நல்ல வேலை செய்திருக்கிறார்கள். தண்ணீர் பாய்ந்து, களை எடுத்து, தாழ்வாக நிற்கும் மல்லிகைத் தோட்டத்தில் தீ ஓட முடியாது.

வேலி பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெட்டிய வேலிமுள்ளை நட்டு அடைத்த வேலி, புஞ்சையிலிருந்து வீட்டு வாசல்வரை இழுத்துவிட்ட திரி. ஒரு முனையில் பற்றினால் மறுமுனையில் கதவு. அதற்குப் பதில் நம் பழைய உயிர்வேலி கிளுவை இருக்கிறது. கோடையில் இலையுதிர்த்து வெறும் கம்பாக நிற்கும், எரிய ஒன்றும் வைத்துக்கொள்ளாது. ரயில் கற்றாழையும் சரி, அடிமட்டையில் காய்ந்ததை மட்டும் கழித்துவிட வேண்டும். திருகுகள்ளியை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதன் பால் கண்ணைக் கெடுக்கும். எந்த வேலியானாலும் வீட்டைச் சேரும் கடைசி இரண்டு பாகம் கல்லோ கம்பியோ ஆக இருக்கட்டும்.

ஒற்றையாக நிற்கும் தோட்டத்து வீட்டுக்கு நூறு அடி சாத்தியம், அதற்குச் செலவும் அதிகமில்லை. கோடை உழவு ஓட்ட எப்படியும் டிராக்டர் வரும். வேளாண் துறையும் பூச்சிக்கும் ஈரத்துக்கும் நல்லது என்று அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த உழவைப் பங்குனிக்கு முன்பே, வீட்டைச் சுற்றி முதலில் ஓட்டச் சொல்லுங்கள். கலப்பை ஒரு சுற்றுக்கு ஆறேழு அடி புரட்டும். மூன்று சுற்று ஓட்டினால் புல்தீ தாண்டத் திணறும் அகலம் கிடைத்துவிடும். அருப்புக்கோட்டையிலிருந்து தீயணைப்பு வண்டி கிளம்பி மண்பாதையில் வந்து சேரும்வரை அந்த உழுத நிலம்தான் காவல். வண்டி உள்ளே வரும் அளவுக்குப் பாதையோர முள்ளை வெட்டி வைத்திருப்பதும் இதில் சேர்த்திதான்.

தனி வீடு தன்னைக் காத்துக்கொள்ளலாம். நெருங்கிக் கட்டிய தெருவில் முடியாது, பக்கத்து வீட்டுப் படப்பு நம் படப்பு மாதிரிதான். வெடியும் அப்படித்தான், தனி ஆளால் தடுக்க முடியாது. தீபாவளி வெடி மழைக்காலத்தில் வருகிறது, அதனால் பெரிய சேதம் பெரும்பாலும் தப்புகிறது. பங்குனிப் பொங்கலுக்கும் சித்திரைக் கொடைக்கும் விடும் வாணம் காய்ந்த புல்லின்மேல் விழுகிறது. சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் வாணத்துக்குக் குறைவில்லை. ஊர் கூடிப் பேச வேண்டிய சங்கதி இது, அதற்கு ஊரிடம் நாளும் இருக்கிறது. ஜனவரி 26-இல் கிராமசபை கூடும்போது அறுவடை முடிந்து படப்பு ஏறிக்கொண்டிருக்கும். அன்றே படப்புக்கு ஊருக்குக் கிழக்கே பொதுவிடம் ஒதுக்கித் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22 கிராமசபைக்கு முன்னால் ஊரின் மேற்கோரத்தில் முப்பதடிக்குப் புல் செதுக்கி, வெட்டிய முள்ளை அள்ளி முடித்திருக்க வேண்டும். வாணம் எங்கே விடுவது, பக்கத்தில் தண்ணீர் லாரி நிற்குமா என்பதை அந்தக் கூட்டத்தில் கோயில் கமிட்டியிடம் கேளுங்கள்.